உலகத் தீவுகள் சுவர்ப்படம்: பெயர்களைத் தமிழில் எழுதுவதில் சில சந்தேகங்கள்

சயான்வாசி:

வணக்கம். மும்பை சயானில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக உலகத் தீவுகள் சுவர்ப்படம் ஒன்று தயாராகிறது. அளவு 8 அடிக்கு 4 அடி. வினைலில் அச்சிட்டு சன்போர்டில் ஒட்டுவதாகத் திட்டம். பட்டியலில் 70 பெயர்கள். பிள்ளைகள் பள்ளியில் மராத்தி, இந்தி, ஆங்கிலம் படிக்கிறவர்கள்; தமிழை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். சுவரில் தப்பாக இருந்தால் அந்தத் தப்புதான் மனதில் பதியும்.

இணையத்தில் கிடைத்த பட்டியலை மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டால் வந்தவை: ‘புலாவ் பினாங்கு தீவு’, ‘ஐவோ ஜிமா தீவு’, ‘உயிர்த்தெழுதல் தீவு’. கிறிஸ்துமஸ் தீவு இரண்டு இடத்தில் வருகிறது. ஜெர்மன் பட்டியல் ஒன்றிலிருந்து எடுத்ததில் ஐஸ்லாந்து வெறும் ‘தீவு’ என்று வந்து நிற்கிறது!

கேட்க வேண்டியவை: எங்கே ‘தீவு’ சேர்ப்பது, எங்கே விடுவது? பெயரின் பொருளை மொழிபெயர்க்கலாமா? அந்தமானில் மாற்றிய பெயர்களை எப்படிப் போடுவது? ஒலிக்கு எதை நம்புவது?

நிலப்படம்:

‘தீவு’ சேர்ப்பதிலிருந்து தொடங்கலாம், பாதிச் சிக்கல் அங்கேதான். பல பெயர்களுக்குள் தீவு என்ற சொல் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது. வேறு மொழி என்பதால் நமக்குத் தெரிவதில்லை, இன்னொரு தீவை ஒட்டிவிடுகிறோம். ‘நடு சென்டர்’, ‘கேட்டு வாசல்’ கதைதான்.

மலாயில் புலாவ் என்றாலே தீவு. பினாங் என்பது பாக்கு. ஆக புலாவ் பினாங்கு என்பது பாக்குத் தீவு. தாய்லாந்தில் ‘கோ’, ஜப்பானில் ‘ஷிமா’ (சேரும்போது ‘ஜிமா’) அல்லது ‘தோ’, துருக்கியில் ‘அடா’, எஸ்தோனியாவில் ‘சார்’. வட கடல் பக்கம் பெயரின் வாலில் வரும் ‘சே’, ‘சி’, ‘னி’ எல்லாவற்றிலும் பழைய நார்ஸ் மொழியின் ‘ஏய்’ ஒளிந்திருக்கிறது: ஜெர்சி, ஆர்க்னி, 1963இல் ஐஸ்லாந்துக்குத் தெற்கே எரிமலையில் பிறந்த சுர்ட்சே. நம் ஊர்ப்பக்கமும் இது உண்டு. குஜராத்தியிலும் மராத்தியிலும் ‘பேட்’ என்றால் தீவு, எனவே ‘பேட் துவாரகா தீவு’ தவறு. கோதாவரிக் கழிமுகத்தில் ஆற்றிடைத் தீவுகளுக்கு ‘லங்க’ என்றே பெயர்.

வேலைக்கு ஆகும் விதி இது. தீவு என்ற சொல் தனிச் சொல்லாக முன்னால் நின்றால் அதை எடுத்துவிட்டு நம் ‘தீவு’ போடுங்கள்: பினாங்குத் தீவு, சமூய்த் தீவு. பெயரோடு ஒட்டிப்போயிருந்தால் கை வைக்காதீர்கள். பின்னால் தீவும் சேர்க்காதீர்கள்: சாரேமா, சுர்ட்சே, போஸ்ஜாடா. ஒட்டியதைப் பிரித்து எடுத்தால் பிள்ளைகள் வேறெந்தப் படத்திலும் அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க முடியாது.

ஐவோ ஜிமாவுக்கு மட்டும் தனிக் குறிப்பு. எழுத்து மாறாமல் வாசிப்பை மட்டும் 2007இல் ஜப்பான் அரசு ‘இவோதோ’ என்று திருத்தியது. இரண்டாம் உலகப் போருக்கு முன் அங்கே குடியிருந்தவர்கள் சொன்னது அப்படித்தான். பொருள் கந்தகத் தீவு. படத்தில் ‘இவோதோ’ என்று போட்டு, கீழே சிறிய எழுத்தில் ‘ஐவோ ஜிமா’ போதும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. பெயரில் தீவு இருக்கும், இடம் தீவாக இருக்காது. ஹிரோஷிமா, ஃபுகுஷிமா, சீனத்தின் சிங்தாவ், துருக்கியின் குஷாடசி எல்லாம் நகரங்கள். அல்ஜீரியா என்ற நாட்டுப் பெயரே அரபியில் ‘தீவுகள்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. அல்ஜியர்ஸ் கரைக்கு எதிரே இருந்த சிறு திட்டுகளால் வந்த பெயர், பின்னர் அவை கரையோடு சேர்ந்துவிட்டன. சகுராஜிமா உங்கள் பட்டியலில் இருந்தால் நீக்குங்கள்: 1914 எரிமலைக் குழம்பு அதை ஓசுமி தீபகற்பத்தோடு ஒட்டிவிட்டது.

ஐஸ்லாந்து விவகாரம் வேடிக்கையானது. அந்நாட்டார் தங்கள் நாட்டை எழுதுவது ‘ஈஸ்லாந்த்’, ஈஸ் என்றால் பனிக்கட்டி. ஜெர்மன் மொழியில் அந்தப் பெயரின் எழுத்துகள் ஆங்கிலத்தில் தீவைக் குறிக்கும் சொல்லோடு அப்படியே ஒத்துப்போகும். மென்பொருள் அதில்தான் விழுந்திருக்கிறது. அந்த ஆங்கிலச் சொல்லில் உச்சரிக்காத ஓர் எழுத்து இருக்கிறதே, அதுவும் தவறாக நுழைந்ததுதான். பழைய ஆங்கிலத்தில் அது கிடையாது. லத்தீன் வழி வந்த வேறொரு சொல்லைப் பார்த்து நடுவில் செருகிவிட்டார்கள்.

நாடுகளுக்குத் தீவு வேண்டாம்: இலங்கை, கியூபா, மடகாஸ்கர் என்றால் போதும். வெறும் பெயரைச் சொன்னால் வேறொன்றாகத் தோன்றும் இடத்தில் கட்டாயம் வேண்டும்: ஈஸ்டர் தீவு, குக் தீவுகள், நார்ஃபோக் தீவு. கூட்டமாக இருந்தால் ‘தீவுகள்’. மாலத்தீவும் லட்சத்தீவும் ஒருமையிலேயே நிலைத்துவிட்டன, அப்படியே விடுங்கள். லட்சத்தீவில் லட்சம் இல்லை, 36தான். அதில் 10இல்தான் மக்கள் வாழ்கிறார்கள்.

சந்தி: உயிரில் முடியும் பெயருக்குப் பின் வல்லினம் மிகும். பாலித் தீவு, ஜாவாத் தீவு. ர், ல், ன், ஸ் என்று முடிந்தால் ஒற்று வேண்டாம்: ஈஸ்டர் தீவு, பாம்பன் தீவு. எழுத்துக்கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் இதில்தான் தடுமாறுவார்கள், எனவே எழுபதிலும் ஒரே முறை இருக்கட்டும்.

பொருளை மொழிபெயர்ப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். ஈஸ்டர் தீவு என்பது 1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு அன்று டச்சு மாலுமி ரோகவீன் அங்கே போய்ச் சேர்ந்ததால் வைத்த பெயர். அங்குள்ளவர்கள் சொல்வது ராப்பா நூய். அதைக் கீழே எழுதுங்கள், உயிர்த்தெழுதலை விட்டுவிடுங்கள். நாட்காட்டியைப் பார்த்துப் பெயர் வைப்பது மாலுமிகளின் வழக்கம். 1493இல் கொலம்பஸ் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்த தீவு டொமினிக்கா ஆனது, லத்தீனில் ஞாயிற்றுக்கிழமையின் பெயர் அது.

ஙகரம்:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒலிக்கு வருகிறேன். ஆங்கில எழுத்தைப் பார்த்துத் தமிழில் எழுதினால் பத்தில் நாலு பெயர் கெட்டுப்போகும். தீவுப் பெயர்களை ரோமன் எழுத்தில் முதலில் எழுதியவர்கள் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு மொழிக்காரர். எழுத்து ஒன்று, ஒலி வேறு.

பசிபிக் நாடு ஒன்றைக் கிரிபாத்தி என்று எழுதிவிடாதீர்கள். அந்த மொழியில் ‘ஸ்’ ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது, ‘தி’ என்று எழுதி ‘ஸ்’ என்று சொல்வார்கள். நாட்டின் பெயர் கிரிபாஸ். கில்பர்ட்ஸ் என்ற பழைய ஆங்கிலப் பெயரை அவர்கள் வாயில் சொன்னால் வருவது அதுதான். உங்கள் பட்டியலில் உள்ள இரண்டாவது கிறிஸ்துமஸ் தீவு அந்த நாட்டில்தான் இருக்கிறது. கிறிஸ்மஸை அவர்கள் மொழியில் எழுதினால் ஆங்கில எழுத்தில் ‘கிரிதிமாதி’ போலத் தெரியும், சொல்வது ‘கிரிஸிமாஸ்’. 1777 டிசம்பர் 24 அன்று கேப்டன் குக் பார்த்தது. இன்னொன்று இந்தியப் பெருங்கடலில், ஜாவாவுக்குத் தெற்கே, 1643 டிசம்பர் 25 அன்று பெயரிடப்பட்டது, இன்று ஆஸ்திரேலியாவுடையது. இதற்குக் ‘கிறிஸ்துமஸ் தீவு’, அதற்குக் ‘கிரிஸிமாஸ்’ என்று போட்டால் குழப்பம் தீர்ந்தது.

பிஜி இன்னும் மோசம். அங்கே ஆங்கில எழுத்து முறையில் ‘ட’கரம் ‘ந்த’ ஆகும், ‘ப’கரம் ‘ம்ப’ ஆகும், ‘சி’ எழுத்து ‘த’ ஆகும். விமான நிலையம் உள்ள ஊரை எல்லோரும் நாடி என்று வாசிக்கிறார்கள், அது நாந்தி. மாமனுக்கா என்று தெரிவது மாமனுதா. நாட்டைக்கூட அவர்கள் வீத்தி என்பார்கள். பக்கத்து டோங்காக்காரர்கள் சொன்ன விதத்தைக் கேட்டு வெள்ளைக்காரர்கள் பிஜி ஆக்கினார்கள். தமிழில் பிஜி ஊன்றிவிட்டது, அதை மாற்ற வேண்டாம்.

சமோவாப் பக்கம் ‘க’ போலத் தெரிகிற ஆங்கில எழுத்து உண்மையில் ங. ‘பாகோ பாகோ’ என்று எழுதுகிற ஊர் பாஙோ பாஙோ. ஆத்திசூடியில் ‘ஙப்போல் வளை’ என்று சொன்னதோடு ஓய்வு பெற்ற எழுத்துக்கு இங்கே நிஜ வேலை இருக்கிறது. ஆனால் பிள்ளைகள் திணறுவார்கள். ‘பாங்கோ பாங்கோ’ என்று எழுதுவது நடைமுறைக்கு நல்லது.

ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும் நான்கு பெயர்களைப் பாருங்கள்: ஜெர்சி, ஜாவா இரண்டும் ஜ. நார்வேயின் யான் மாயென் ய. சிலியின் ஹுவான் ஃபெர்னாண்டெஸ் ஹ. அதேபோல் ‘பி’யும் ‘எச்’சும் சேர்ந்து வந்தால் தாய்லாந்தில் அது ப, வியட்நாமில் ஃப. எனவே பூக்கெட், ஆனால் ஃபூ க்வோக். ஃபுக்கெட் என்று எழுதினால் அந்த ஊர்க்காரருக்கே புரியாது. அன்டிகுவா இல்லை, அன்டீகா. செயின்ட் லூசியா இல்லை, செயின்ட் லூஷா. நியூ இல்லை, நியூவே. ஸ்காட்லாந்தில் ‘இஸ்லே’ போல எழுதுவது ஐலா.

எந்தப் பெயரானாலும் அந்த ஊர் வானொலியிலோ செய்தியிலோ யாராவது சொல்வதை ஒருமுறை காதால் கேட்டுவிட்டு எழுதுங்கள். மென்பொருள் வாசிப்புக் குரல் வேண்டாம், அதுவும் எழுத்தைப் பார்த்துத்தான் சொல்கிறது.

தென்கடல்:

தமிழில் ஏற்கெனவே பெயர் இருக்கிற தீவுகளுக்கு எதற்கு ஒலிபெயர்ப்பு? அவற்றைத் தனி நிறத்தில் போடலாம்.

நிக்கோபார் ராஜேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியில் ‘மாநக்கவாரம்’. ராஜராஜன் மெய்க்கீர்த்தியில் ‘முந்நீர்ப் பழந்தீவு பன்னீராயிரம்’ என்று வருவதை மாலத்தீவாகக் கொள்வார்கள். (எண்ணிப் பார்த்தால் அங்கே சுமார் 1,190தான். சோழர் கணக்கில் கொஞ்சம் பெருமையும் சேர்ந்திருக்கிறது.) ஜாவா நம் காப்பியத்தில் சாவகம். நதி நடுவில் உள்ளதற்கு அரங்கம், துருத்தி, ஆற்றிடைக்குறை என்று மூன்று சொல் வைத்திருந்த மொழி இது. திருவரங்கமே ஒரு காவிரித் தீவு.

யாழ்ப்பாணப் பக்கம் கவனம். ஆங்கிலப் படங்களில் டெல்ஃப்ட் என்று இருப்பது நெடுந்தீவு. வேலணைக்கு லைடன் என்றும் காரைதீவுக்கு ஆம்ஸ்டர்டாம் என்றும் டச்சுக்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்து ஒட்டினார்கள். மற்றவை உதிர்ந்துவிட்டன, டெல்ஃப்ட் மட்டும் ஒட்டிக்கொண்டது. மென்பொருள் ‘டெல்ஃப்ட் தீவு’ என்றுதான் தரும். நயினாதீவுக்குச் சிங்களத்தில் நாகதீப. இங்கெல்லாம் தீவு ஒட்டிய சொல், இடைவெளி விடாதீர்கள்: நயினாதீவு, அனலைதீவு, புங்குடுதீவு. ஒற்றும் மிகாது. நெடுந்தீவு, கச்சத்தீவு மட்டும் வேறு மாதிரி. மேலே சொன்ன சந்தி விதியை இங்கே கொண்டுவந்து ‘அனலைத்தீவு’ என்று திருத்திவிடாதீர்கள். ஊர்க்காரர் எழுதுவதுதான் சரி.

மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். பெயர்களே பாடம்: நல்லதண்ணித் தீவு, உப்புத்தண்ணித் தீவு, முயல் தீவு, காரைச்சல்லி. சல்லி என்றால் பவளத் துண்டுகள் குவிந்த மேடு. எந்தத் தீவில் குடிதண்ணீர் கிடைக்கும், எங்கே கிடைக்காது என்று மீனவர்கள் பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். விலங்குச்சல்லியும் பூவரசன்பட்டியும் கடலுக்குள் போய்விட்டன. பவளத்தைத் தோண்டி எடுத்ததும் ஒரு காரணம்.

அந்தமான் பெயர் மாற்றம்: 2018 டிசம்பர் 30 அன்று ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு ஆனது, நீல் ஷஹீத் தீவு, ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு. அரசாணையில் ‘த்வீப்’ என்றிருக்கும். நாம் ‘தீவு’ என்று எழுதலாம், ‘ஸ்வராஜ் த்வீப் தீவு’ மட்டும் வேண்டாம். பிள்ளைகள் ஒன்றைத் தவறாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. 1943இல் நேதாஜி ஷஹீத் என்று பெயரிட்டது அந்தமான் முழுவதற்கும், ஸ்வராஜ் என்றது நிக்கோபார் முழுவதற்கும். 2018இல் அவ்விரு பெயர்களும் வந்து சேர்ந்தது அந்தமான் கூட்டத்தில் உள்ள இரண்டு சிறு தீவுகளுக்கு. 2023 ஜனவரி 23 அன்று பெயரில்லாத 21 தீவுகளுக்குப் பரம்வீர் சக்கரம் பெற்றவர்களின் பெயர்கள். போர்ட் பிளேர் 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீவிஜயபுரம். கொஞ்ச காலத்துக்குப் பழைய பெயரையும் அடைப்புக்குறியில் வைத்திருங்கள், படகுத்துறையில் இன்னும் ஹேவ்லாக்தான்.

சயான்வாசி:

மூவருக்கும் நன்றி. பட்டியலைத் திருத்திவிட்டேன். இன்னும் இரண்டு. மும்பையின் ஏழு தீவுகளை ஒரு மூலையில் காட்ட வேண்டும், பிள்ளைகள் தாங்கள் நிற்கிற இடத்தைத் தொட்டுப் பார்க்க. இன்னொன்று, படத்தில் பிஜி பாதி இடது ஓரத்திலும் பாதி வலது ஓரத்திலும் துண்டாகிறது. கரீபியப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன.

பரேல்மேடு:

மும்பையை உலகப் படத்துக்குள் காட்ட முயலாதீர்கள், அந்த அளவில் நகரமே 1 மில்லிமீட்டர்தான் வரும். தனிக் கட்டம் போடுங்கள். கொலாபா முனையிலிருந்து சயான்வரை ஏறத்தாழ 17 கி.மீ. 1 செ.மீ.க்கு 1 கி.மீ. என்று வைத்தால் 17 செ.மீ. உயரம், மூலையில் அடங்கும். இன்றைய கரைக்கோட்டை வெளிர் சாம்பல் நிறத்திலும் பழைய தீவுகளை அடர் நிறத்திலும் போட்டால் எவ்வளவு கடல் தூர்ந்தது என்பது பார்த்ததும் விளங்கும்.

ஏழு: கொலாபா, சின்னக் கொலாபா, பம்பாய், மஜ்காவ், வர்லி, பரேல், மாஹிம். சின்னக் கொலாபா ஆங்கிலேயர் படங்களில் ‘கிழவித் தீவு’ என்று இருக்கும். கிழவி யாரும் இல்லை, அரபியில் ‘அல் ஓமானி’ என்றது திரிந்தது என்பார்கள். பொருளை மொழிபெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து வீட்டு உதாரணம். பம்பாய் என்பது போர்ச்சுக்கீசிய ‘நல்ல விரிகுடா’ என்ற கதையைக் கட்டத்தில் எழுதாதீர்கள். அம்மொழியில் விரிகுடா பெண்பால், ‘போம்’ ஆண்பால் அடைமொழி, இலக்கணமே ஒத்துவராது. மும்பாதேவியிலிருந்து வந்தது என்பதே பொருத்தம்.

சயானைக் கட்டாயம் குறியுங்கள். மராத்தியில் ஷீவ், எல்லை என்று பொருள். தெற்கே பம்பாய்த் தீவுகள், வடக்கே சாஷ்டி. அந்தச் சாஷ்டிதான் ஆங்கிலத்தில் சால்செட். 66 ஊர்கள் என்பதிலிருந்து வந்த பெயர். செம்பூர் இரண்டிலும் சேராது, அது டிராம்பே தீவின் பகுதி. வகுப்புக்குச் செம்பூரிலிருந்து வருகிற பிள்ளைகள் தினமும் ஒரு தீவிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வருகிறார்கள் என்று சொல்லலாம்.

கொலாபா தரைப்பாலம் 1838, மாஹிம் தரைப்பாலம் 1845. தீவுகள் சேர்ந்தது ஒரே நாளில் நடந்த வேலை இல்லை என்று காட்ட இந்த ஆண்டுகளைக் கோட்டின்மேல் எழுதுங்கள்.

துறைமுகத்தில் இருக்கிற எலிஃபன்டாவுக்கு ஊர்ப்பெயர் காராபுரி. கரையில் நின்ற கல் யானையைப் பார்த்துப் போர்ச்சுக்கீசியர் வைத்த பெயர் எலிஃபன்டா. அந்த யானை இப்போது தீவில் இல்லை. 1864இல் கப்பலேற்றத் தூக்கும்போது உடைந்து, பிற்பாடு துண்டுகளை ஒட்டி, இன்று பைகுல்லா ராணிபாக் வளாகத்தில் நிற்கிறது. பக்கத்தில் எண்ணெய்க் கப்பல்கள் நிற்கிற புட்சர் தீவு இப்போது ஜவஹர் த்வீப். மட் ஐலண்டைத் தீவாகக் காட்டாதீர்கள், மாலாடிலிருந்து சாலையிலேயே போய்விடலாம்.

அச்சுப்பிழை:

பிஜி துண்டாவதற்குக் காரணம், படத்தை 180 பாகையில் வெட்டியிருக்கிறீர்கள். பிஜி அந்தக் கோட்டின்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. வெட்டை மேற்கு 169 பாகைக்கு மாற்றுங்கள். பிஜி, டோங்கா, சமோவா மூன்றும் வலது ஓரத்தில் முழுசாக இருக்கும். ஹவாய் இடது ஓரத்துக்குப் போகும். கிரிபாஸ் மட்டும் எங்கே வெட்டினாலும் சிக்கல்தான், தராவா வலப்பக்கம், கிரிஸிமாஸ் இடப்பக்கம். இரண்டு பக்கமும் நாட்டுப் பெயரை எழுதிவிடுங்கள்.

இதில் ஒரு வேடிக்கை. பேரிங் நீரிணையில் பெரிய டயோமீட் ரஷ்யாவுடையது, சின்ன டயோமீட் அமெரிக்காவுடையது, நடுவில் 4 கி.மீ.கூட இல்லை. இந்த வெட்டு இரண்டுக்கும் நடுவில் போவதால் உங்கள் படத்தில் அவை 8 அடி தள்ளி நிற்கும். தேதிக் கோடும் அங்கேதான் போகிறது. ஒன்றுக்கு ‘நாளைத் தீவு’ என்றும் மற்றதற்கு ‘நேற்றுத் தீவு’ என்றும் பட்டப்பெயர் உண்டு.

8க்கு 4 என்பது நல்ல அளவு. உலகம் 360 பாகைக்கு 180 பாகை, அதே இரண்டுக்கு ஒன்று. எனவே சமபாகை வீழ்ப்புப் படத்தை (நெடுக்கு, குறுக்குக் கோடுகள் சம இடைவெளியில் இருக்கும் படம்) எடுத்தால் ஒரு பாகை இரு திசையிலும் 6.77 மி.மீ. புள்ளி வைக்கக் கணினிகூட வேண்டாம். இடது ஓரத்திலிருந்து தூரம்: கிழக்கு நெட்டாங்கோடு கூட்டல் 169, அதை 6.77ஆல் பெருக்க வேண்டும். மேற்கு நெட்டாங்கானால் 169இலிருந்து கழியுங்கள், விடை எதிர்மறையாக வந்தால் 360 கூட்டுங்கள். ரீயூனியன் கிழக்கு 55.5, தெற்கு 21.1. அதாவது இடமிருந்து 1,520 மி.மீ., மேலிருந்து (90 கூட்டல் 21.1, அதை 6.77ஆல் பெருக்கினால்) 752 மி.மீ. மொரீசியஸ் அதற்கு 14 மி.மீ. தள்ளித்தான் வரும். ரீயூனியன் பெயரைப் புள்ளிக்கு இடப்பக்கமும் மொரீசியஸை வலப்பக்கமும் எழுதாவிட்டால் மோதும்.

இந்த வகைப் படம் துருவத்தை நோக்கிப் போகப் போக அகலத்தை இழுக்கும். கிரீன்லாந்து மூன்று மடங்கு குண்டாகத் தெரியும். 21.66 லட்சம் சதுர கி.மீ. என்று உள்ளே எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் அதை ஒரு கண்டம் என்றே நினைப்பார்கள்.

கரீபியனுக்குக் கட்டம்தான் வழி. அங்குயிலாவிலிருந்து கிரெனேடாவரை 6 பாகைதான், 41 மி.மீ. ஆறடி தள்ளி நின்று வாசிக்க 24 புள்ளி எழுத்தாவது வேண்டும், வரிக்கு 10 மி.மீ. பிடிக்கும். 41 மி.மீ.இல் நாலு பெயர்தான் நுழையும். 5 மடங்கு பெரிதாக்கிக் கீழே பசிபிக்கின் காலி இடத்தில் போடுங்கள்.

இனி அச்சுக்கடை. பெரும்பாலான கடைகளில் இருக்கும் வரைகலை மென்பொருள் கோரல்டிரா, அதிலும் பழைய பதிப்பு. அதில் யூனிகோடு தமிழை ஒட்டினால் ஒற்றைக்கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், கொ கோ எல்லாம் மூன்று துண்டாகும். ஆபரேட்டருக்குத் தமிழ் தெரியாது, அவருக்கு எல்லாம் சரியாகவே தெரியும். எழுத்துக் கோப்பைக் கொடுக்காதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் வைத்து, எழுத்துகளை எல்லாம் வடிவக்கோடாக மாற்றி, நிஜ அளவில் பிடிஎஃப் கொடுங்கள். மாற்றுவதற்கு முன் திருத்தக்கூடிய பிரதி ஒன்றைத் தனியாகச் சேமியுங்கள், மாற்றிய பிறகு ஒரு புள்ளிகூட வைக்க முடியாது.

எழுபதையும் அச்சிடுவதற்கு முன் ஒரே ஒரு பெயரை ஏ4 தாளில் எடுத்துப் பாருங்கள்: ‘கொமொரோஸ்’. கொ, மொ, ரோ, ஸ் நாலும் சரியாக விழுந்தால் மற்றவையும் விழும். (நிலா என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது, உங்கள் பட்டியலில் இருக்கட்டும்.) நீலக் கடல்மேல் தெரிய வேண்டுமென்று எழுத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு கொடுப்பார்கள். கோடு உள்பக்கமும் தடித்தால் புள்ளியை விழுங்கிவிடும், கொமொரோஸ் கொமொரோஸ ஆகும். கோடு எழுத்துக்குப் பின்னால் இருக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள்.

நிலப்படம்:

இரண்டு விட்டுப்போயின. இந்திய எல்லைக் கோட்டை சர்வே ஆஃப் இந்தியா வெளியிட்ட படத்திலிருந்து எடுங்கள், இலவசக் கோப்புகளில் அது வேறு மாதிரி இருக்கும். உரிமை கோரும் தீவுகளுக்கு இரண்டு பெயரும் போடுங்கள்: ஃபாக்லாந்து / மால்வினாஸ், தோக்தோ / தகேஷிமா, சென்காகு / தியாவ்யூ. யாருடையது என்று நிறம் தீட்ட வேண்டாம். கச்சத்தீவு 1974 ஒப்பந்தத்திலிருந்து இலங்கையுடையது, அதில் குழப்பம் இல்லை.

நியூசிலாந்தில் வடக்குத் தீவு, தெற்குத் தீவு என்பவை 2013வரை அதிகாரப்பூர்வப் பெயர்களாகவே இல்லை. எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள், எவரும் பதிவு செய்யவில்லை. இப்போது தே இக்கா அ மாவுயி, தே வைப்பொனாமு என்ற மாவோரிப் பெயர்களும் சம உரிமையோடு உண்டு. இடம் இருந்தால் சேருங்கள்.

திருத்திய பட்டியலைப் பார்த்தேன். 43ஆவதாக நியூ கலிடோனியாவுக்கு மேற்கே ‘சேண்டி தீவு’ என்று இருக்கிறது. அதை எடுத்துவிடுங்கள், அப்படி ஒரு தீவு இல்லை. 2012 நவம்பரில் ஆஸ்திரேலிய ஆய்வுக் கப்பல் ஒன்று அந்த இடத்துக்கே போய்ப் பார்த்தது. 1,300 மீட்டருக்கும் ஆழமான கடல்தான் இருந்தது. நூறு வருடத்துக்கும் மேல் வரைபடத்திலிருந்து வரைபடத்துக்கு நகலாகி வந்திருக்கிறது. பழைய கரைக்கோட்டுக் கோப்புகளில் இன்னும் கிடக்கும்.

சயான்வாசி:

எடுத்துவிட்டேன். 43இல் நல்லதண்ணித் தீவு போகிறது. மன்னார் வளைகுடாவுக்கு இன்னொரு கட்டம் வரைய வேண்டும்.